உங்கள் சரக்கு வண்டியின் டயர்களைக் கவனிக்கிறீர்களா?



தராசுக்கும் எடைக்கற்களுக்கும் காலம் தவறாமல் முத்திரை வைக்கிறோம். பருப்பு மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி அள்ளி, வண்டு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். எண்ணெய் டின்னின் அடியைத் தடவிப் பார்த்துக் கசிவு உண்டா என்று சோதிக்கிறோம். கடையில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கும் நம்மில் பலர், அந்தச் சரக்கையெல்லாம் சுமந்து வரும் வண்டியின் டயர்களை மட்டும் பார்ப்பதே இல்லை. பஞ்சர் ஆனால் பார்க்கிறோம். மற்ற நாட்களில் அது டிரைவர் பாடு என்று விட்டுவிடுகிறோம்.

நானும் அப்படி இருந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், எங்கள் கடை வண்டி விருதுநகரில் துவரம் பருப்பும் எண்ணெய் டின்களும் ஏற்றிக்கொண்டு நின்றது. புறப்படும் முன் டிரைவர் போன் செய்தார். “அண்ணாச்சி, பின்னாடி இடது டயரு கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்கு. நாலு மூட்டையை இறக்கி வச்சிட்டு நாளைக்கு எடுத்துக்கிடலாமா?” என்றார். நாளைக்கு இன்னொரு நடை என்றால் டீசல் செலவு என்பதுதான் என் மனதில் பட்டது. “ஏத்திட்டு வாப்பா, மெதுவா வந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டேன்.

பாதி வழியில் அந்த டயர் வெடித்தது. வண்டி சாலையை விட்டு இறங்கிச் சாய்ந்தது. பருப்பு மண்ணோடு கலந்தது. எண்ணெய் ஓடையில் கலந்தது. டிரைவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து இரண்டு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. சரக்கு நஷ்டத்தைக் கேட்கப் போனபோதுதான், வண்டிக்கு எடுத்த காப்பீடு வண்டியில் ஏற்றிய சரக்குக்கு ஆகாது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தது. சரக்கையாவது ஒரு வருஷத்தில் ஈடுகட்டிவிட்டேன். டிரைவரின் தாயாரைப் பார்க்கப் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. “பார்த்து ஓட்டியிருக்கலாம்” என்று அந்த அம்மாள் தம் மகனைத்தான் கடிந்துகொண்டார். ஏற்றச் சொன்னவன் நான் என்பது அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு மெக்கானிக்குகளிடமும் டயர்க் கடைக்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் வண்டியில் நானே பார்த்துப் பழகியதையும் இங்கே எழுதுகிறேன். ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டி, வேன், கார், லோடு ஆட்டோ என எது வைத்திருப்பவருக்கும் இது பயன்படும்.

பாரத்தைச் சுமப்பது எது?

ரப்பர்தான் பாரத்தைத் தாங்குகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது உள்ளே அடைத்த காற்று. டயர் அந்தக் காற்றை அடக்கி வைக்கும் பாத்திரம். 1888-இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தியதிலிருந்து இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை. நம் சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கி, 1952-இல் ரீட்ரெட் ரப்பருக்கு வந்து, பிறகு டயர் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். நிறுவனம். பலூனுக்கும் டயருக்கும் உறவு தூரமில்லை.

காற்றின் அளவை நாம் ‘பவுண்டு’ என்கிறோம். ஒரு சதுர அங்குலப் பரப்பின் மேல் காற்று எத்தனை பவுண்டு அழுத்தம் கொடுக்கிறது என்பதே அதன் பொருள். நம் கணக்குக்குச் சொன்னால், 60 பவுண்டு என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.2 கிலோ.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ பாரம் இருக்கிறது. உள்ளே 60 பவுண்டு காற்று இருக்கிறது. 400-ஐ 4.2-ஆல் வகுத்தால் 95 வருகிறது. அதாவது, அந்த டயர் ஏறத்தாழ 95 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் பதிந்து நிற்கும். ஓர் உள்ளங்கை அளவுதான். காற்று 40 பவுண்டாகக் குறைந்துவிட்டால் அதே பாரத்துக்கு 143 சதுர சென்டிமீட்டர் தரையில் பதிய வேண்டும். பாரம் குறையவில்லை. காற்று குறைந்ததால் டயர் நசுங்கி அந்த இடத்தைக் கொடுக்கிறது. டிரைவர் “அமுங்கின மாதிரி இருக்கு” என்று சொன்னதன் பொருள் இதுதான்.

நசுங்கிய டயர் ஏன் வெடிக்கிறது?

காற்று அதிகமானால்தான் டயர் வெடிக்கும், குறைந்தால் ஆபத்தில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இது தவறு. மூட்டை கட்டும் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பத்துத் தடவை வளைத்துப் பாருங்கள். வளைத்த இடம் சூடாகும், பிறகு அறுந்துவிடும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவரும் அப்படித்தான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் ஒவ்வொரு முறையும் தரையில் பதியும் பகுதி மடங்கி நிமிர்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் சிறிய சக்கரம் அறுநூறு தடவை சுற்றிவிடும். ஒவ்வொரு மடங்கலிலும் சூடு உண்டாகிறது. காற்று குறையக் குறைய மடங்கல் பெரிதாகிறது. பாரம் கூடக் கூட இன்னும் பெரிதாகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும்போது அந்தச் சூடு வெளியேறவும் வழியில்லை.

சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல் அடுக்குகளுக்கும் உள்ள பிடிப்பு விடுகிறது. ஒரு கட்டத்தில் பக்கச் சுவர் கிழிந்து வெடிக்கிறது. ஆகவே குறைந்த காற்று, கூடுதல் பாரம், வெயில் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மோசம். வெயிலை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

வெடிக்காவிட்டாலும் நஷ்டம் உண்டு. நசுங்கிய டயர் உருளுவதற்குக் கூடுதல் இழுவை வேண்டும்; டீசல் அதிகம் பிடிக்கும். டயரும் சீக்கிரம் தேயும்.

காற்று பார்க்கும் முறை

நல்ல டயரிலும் காற்று தானாகவே மெல்லக் குறையும். மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு இறங்குவது இயல்பு. ஆகவே வாரத்துக்கு ஒரு முறையும், நீண்ட நடைக்கு முன்பும் பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டியவை:

முதலாவது, எவ்வளவு வைப்பது என்பதை வண்டி செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வில்லையிலோ, வண்டியோடு தந்த புத்தகத்திலோ முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். சரக்கு வண்டியில் இரண்டும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். டயரின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணை வைத்துக் காற்று அடிக்கக்கூடாது. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு சம்பந்தமானது. உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல.

இரண்டாவது, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். காலையில் கடை திறக்கும் நேரமே சரியான நேரம். ஓடி வந்த டயரில் காற்று சூடேறி விரிந்திருக்கும். கேஜில் சில பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், குளிர்ந்த பிறகு அளவுக்குக் கீழே போய்விடும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

மூன்றாவது, காலால் உதைத்தும், கம்பியால் தட்டியும் பார்ப்பது சோதனை ஆகாது. சரக்கு வண்டி டயரின் பக்கச் சுவர் கெட்டியானது. பாதிக் காற்று போன பிறகும் சத்தம் ‘டங்’ என்று வரலாம். ஒரு நல்ல கேஜ் சொந்தமாக வாங்கிக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்குக் கேஜோ பஞ்சர் கடைக் கேஜோ பலர் கைபட்டுத் தவறாகக் காட்டவும் கூடும். நம் தராசில் நிறுத்துப் பார்த்துத்தானே நாம் சரக்கு எடுக்கிறோம்!

நான்காவது, காற்று பார்த்த பின் வால்வு மூடியைத் திருகி மூடுங்கள். அந்தச் சிறிய மூடி இல்லாததால் மண் புகுந்து வால்வு கசியும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். நைட்ரஜன் அடித்தோம் என்று வாரச் சோதனையை விட்டுவிட்டால் பயன் இல்லை.

எத்தனை மூட்டை ஏற்றலாம்?

வள்ளுவர் வண்டிப் பாரத்தைப் பற்றிச் சொன்னபோது மயிலிறகை உவமை காட்டினார். நாம் ஏற்றுவதோ சர்க்கரை மூட்டை. ஆனாலும் நம் வண்டிக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கு நம்மில் பலரிடம் இல்லை. இடம் இருக்கும் வரை ஏற்றுகிறோம்.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று காலி வண்டியின் எடை; மற்றொன்று பாரத்தோடு இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை. உதாரணமாக, மொத்த எடை 1,550 கிலோ, காலி எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 750 கிலோ. ‘அப்படியானால் 50 கிலோ மூட்டை 15’ என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். காலி எடையில் டிரைவரும் கூட வரும் ஆளும் சேரவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். இருவருக்கும் 130 கிலோ கழித்தால் மிச்சம் 620. ஆகவே ஏற்றக்கூடியது 12 மூட்டை. அதன்மேல் ஒரு 15 கிலோ எண்ணெய் டின். தார்ப்பாய், கயிறு, கூடுதலாகப் போட்ட கம்பிக் கூண்டு ஆகியவையும் எடைதான்.

உங்கள் வண்டியின் கணக்கை இப்படிப் போட்டு, ‘சர்க்கரை இத்தனை மூட்டை, 25 கிலோ அரிசிச் சிப்பம் இத்தனை, எண்ணெய் டின் இத்தனை’ என்று ஓர் அட்டையில் எழுதி டிரைவர் இருக்கைக்கு எதிரில் ஒட்டிவிடுங்கள். சந்தேகம் வந்தால் எடை மேடையில் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு. பாரத்தைப் பரப்பி அடுக்குவதும் முக்கியம். எல்லா மூட்டையையும் பின் ஓரத்தில் அடுக்கினாலும், ஒரே பக்கம் சாய்த்து அடுக்கினாலும் மொத்த எடை சரியாக இருந்தும் ஒரு டயர் மட்டும் அளவுக்கு மீறிச் சுமக்கும்.

சட்டமும் கடுமையாகிவிட்டது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி, கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். நாலு மூட்டைக்காக மிச்சம் பிடித்த டீசல் காசு எந்த மூலைக்கு?

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

மருந்துப் பெட்டியிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் தேதி பார்த்து வாங்கும் நாம், டயரிலும் தேதி இருக்கிறது என்பதை அறிவதில்லை. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். முதல் இரண்டு வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. புது டயர் வாங்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும். வெயிலும் காற்றும் பட்டு மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். ஐந்து ஆண்டு கடந்த டயரை வருஷத்துக்கு ஒரு முறை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டக்கூடாது. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

அளவும் அங்கேயே இருக்கிறது. 145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். என்றிருந்தால், டயரின் அகலம் 145 மில்லிமீட்டர், ரேடியல் வகை, 12 அங்குல டிஸ்க்குக்குப் பொருந்துவது, இலகு சரக்கு வண்டிக்கு உரியது, எட்டு அடுக்கு வலு உள்ளது. வேனுக்கு வரும் 6 பி.ஆர். டயர் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று 8 பி.ஆர். கேட்கும் வண்டிக்கு மாட்டினால், அளவு பொருந்தும், பாரம் தாங்காது.

அளவுக்குப் பின்னால் இன்னொரு எண்ணும் எழுத்தும் இருக்கும். அந்த எண் சுமைக் குறியீடு. 80 என்றால் ஒரு டயர் 450 கிலோ, 84 என்றால் 500 கிலோ, 86 என்றால் 530 கிலோ தாங்கும். உரிய காற்று முழுமையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறைந்துவிடும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் சாதா டயர் என்று மாட்டுவதும் கூடாது. பிரேக் பிடித்தால் வண்டி இழுக்கும்.

தேய்மானம் சொல்லும் செய்தி

பட்டன்களுக்கு நடுவே ஓடும் கால்வாய்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் அது மொட்டை டயர். மழைக்காலத்தில் சாலைத் தண்ணீரை வெளியேற்றுவது அந்தக் கால்வாய்கள்தான். அவை இல்லாவிட்டால் டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து, வண்டி மிதப்பதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கேட்காது. ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை கட்டாயம் பாருங்கள்.

எப்படித் தேய்கிறது என்பதைக் கொண்டே என்ன குறை என்று சொல்லிவிடலாம்:

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால், நெடுநாள் காற்று குறைவாக ஓடியிருக்கிறது.

நடு மட்டும் தேய்ந்து ஓரங்கள் நன்றாக இருந்தால், காற்று அதிகம்.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், சக்கரம் சாய்ந்தோ கோணியோ ஓடுகிறது. அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பும் எதிர்த் திசையில் அரம் போலக் கரகரப்பும் இருந்தால், அதுவும் அலைன்மென்ட் குறைதான்.

அங்கங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்தால், ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள்.

முன் டயரும் பின் டயரும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஆகவே அளவும் வகையும் ஒன்றாக இருந்தால், எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட வேண்டும். மாற்றிய பின் அந்தந்த இடத்துக்கு உரிய காற்றை வைக்க மறவாதீர்.

பக்கச் சுவரில் புடைப்புத் தெரிந்தால் வேறு யோசனையே வேண்டாம். உள்ளே நூல் அடுக்கு அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயரைக் கழற்றி ஒதுக்கிவிட வேண்டும்.

பஞ்சரும் ரீட்ரெட்டும் ஸ்டெப்னியும்

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், தரையில் பதியும் பகுதியில் உள்ள சிறு துளையை மட்டும் அடைக்கலாம். வெளியிலிருந்து திரி செருகுவது அவசரத்துக்கு உதவும். டயரைக் கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்து, உள்ளிருந்து காளான் வடிவ அடைப்பு வைப்பதே நிலையான வேலை. பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் அடைத்து ஓட்டக்கூடாது. டியூப் டயர் வைத்திருப்பவர்கள் புது டயர் போடும்போது புது டியூபும் போடுவது நல்லது. பழைய டியூப் விரிந்து போயிருக்கும். புது டயருக்குள் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பே அறுபடும்.

ரீட்ரெட் டயர் மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. உள் அடுக்கு நன்றாக இருந்து, முறையாகச் செய்தால் நம் போன்றவர்களுக்குச் சிக்கனமே. ஆனால் முன் சக்கரத்தில் போட வேண்டாம். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும்.

ஸ்டெப்னியை நாம் நினைப்பதே பஞ்சர் ஆன நேரத்தில்தான். அப்போது பார்த்தால் அதிலும் காற்று இருக்காது. வாரச் சோதனையில் ஐந்தாவது டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வண்டியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சக்கரம் மாற்றும்போது நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை முறுக்க வேண்டும்.

நம் சரக்கே டயருக்குப் பகை

மளிகை வண்டிக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. எண்ணெய் டின் கசிந்து, தளத்திலிருந்து வழிந்து டயரில் இறங்கும். டீசலும் கிரீசும் அப்படியே. எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி, மெத்தென்று வலுவிழந்து போகும். எண்ணெய் பட்டது தெரிந்தால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். பளபளப்புக்காக டயரில் எண்ணெய் தடவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நடைபாதைக் கல்லில் உரசி நிறுத்துவதும், கடை வாசல் படியில் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்தி லோடு இறக்குவதும் பக்கச் சுவரைக் கெடுக்கும்.

வீட்டுக்கு வீடு சரக்குக் கொடுக்கப் போகும் மொபெட்டையும் மறக்க வேண்டாம். பின்னால் ஒரு அரிசிச் சிப்பம், முன்னால் ஒரு எண்ணெய் டின் என்று அதுவும் சரக்கு வண்டிதான். அதன் டயரை நாம் பார்க்கும் வழக்கம் இன்னும் குறைவு.

ஓடும்போது வெடித்துவிட்டால்?

டிரைவருக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டிய செய்தி இது. டயர் வெடித்ததும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக்கூடாது. ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு இடது ஓரம் ஒதுங்க வேண்டும். பிறகு எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வண்டிக்குச் சற்றுத் தொலைவில் பின்னால் முக்கோணப் பலகையை வைக்க வேண்டும்.

டயருக்கு ஒரு நோட்டு

நாம் கணக்கில் வளர்ந்தவர்கள். ஆகவே கடைசியாக ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு டயரின் விலை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 10 காசு. கவனிப்பில்லாமல் 25,000 கிலோமீட்டரில் போய்விட்டால் 16 காசு. நான்கு டயருக்கு 40 காசு எங்கே, 64 காசு எங்கே! மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இந்த வித்தியாசம் மாதம் 480 ரூபாய். டீசல் மிச்சம் தனி.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஒவ்வொரு டயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய நாள், விலை, செய்த வாரம், மாட்டியபோது வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே வாரா வாரம் பார்த்த காற்று அளவைக் குறியுங்கள். ஒரு டயர் மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு பவுண்டு இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று நோட்டே சொல்லிவிடும்.

வாரம் ஒரு முறை செய்ய வேண்டியதைச் சுருக்கமாகத் தருகிறேன். காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்:

1. வண்டி எடுக்கும் முன், குளிர்ந்த டயரில், ஸ்டெப்னி உட்பட ஐந்து டயருக்கும் கேஜ் வைத்துக் காற்று பாருங்கள்.

2. வால்வு மூடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

3. பக்கச் சுவரில் புடைப்பு, வெட்டு, வெடிப்பு உண்டா என்று உள்பக்கமும் குனிந்து பாருங்கள்.

4. பட்டன் இடுக்கில் ஆணி, கண்ணாடிச் சில்லு, ஜல்லி இருந்தால் கல்லை எடுத்துவிடுங்கள். ஆழமாக ஏறிய ஆணியைப் பிடுங்காமல் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

5. தேய்மான மேட்டைப் பாருங்கள். ஒரு பக்கத் தேய்மானம் உண்டா என்று கையால் தடவிப் பாருங்கள்.

6. எண்ணெய்க் கறை இருந்தால் கழுவுங்கள்.

7. லோடு அட்டையில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றாதீர்கள்.

எட்டாவதாக ஒன்றை முதலாளிகளாகிய நமக்கு மட்டும் சொல்ல வேண்டும். டயரைத் தினமும் கண்ணால் பார்ப்பவர் டிரைவர். ஏற்றவா இறக்கவா என்று முடிவு சொல்பவர் நாம். ‘டயர் சரியில்லை’ என்று அவர் சொன்னால் அன்றைய நடை நிற்க வேண்டும். அதற்காக அவரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசினால், அடுத்த முறை அவர் சொல்லாமலே போய்விடுவார்.

எங்கள் கடையில் அதே டிரைவர்தான் இன்றும் வண்டி ஓட்டுகிறார். திங்கட்கிழமை காலையில் கடை வாசலில் தண்ணீர் தெளித்ததும் அவர் கேஜோடு குனிகிறார். ஒவ்வொரு டயராக எண்ணைச் சொல்கிறார். நான் நோட்டில் எழுதுகிறேன். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. அளவு குறைந்திருந்தால் காற்று அடித்த பிறகுதான் சாவியைக் கையில் கொடுக்கிறேன். தாங்களும் வரும் திங்கட்கிழமையே தொடங்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.